தெரிந்தே பயப்படுவதன் சுகம்: திகில் படங்களின் அடுத்தடுத்த பாகங்களை ஏன் விடாமல் பார்க்கிறோம்?

ஒரு திகில் படம் நன்றாக ஓடிவிட்டால், அதே கதையமைப்பை வைத்து இரண்டாம் பாகம் வரும். அதுவும் ஓடினால் மூன்றாம் பாகம் வரும். பிறகு எத்தனையாவது பாகம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு வரிசை நீளும். விமர்சகர்கள் "அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் அவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனாலும் அந்தப் படங்களுக்குக் கூட்டம் குறைவதில்லை. உலக சினிமாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள்கூட, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இப்படிச் சற்றுக் கூச்சத்தோடு அனுபவிக்கும் ரசனையைத்தான் 'கில்ட்டி பிளஷர்' என்கிறார்கள். அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது, மாறாத டெம்ப்ளேட்டுக்கு அதில் என்ன பங்கு என்பதை இந்த வகைப் படங்களுக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன். சில படங்களின் கதைத் திருப்பங்கள் இடையில் வெளிப்படும்; அதனால் ரசனை எவ்வளவு குறையும் என்பதையும் பிறகு பார்ப்போம்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெம்ப்ளேட் என்பது கற்பனை வறட்சியின் அடையாளம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் திகில் படத்தில் அதற்கு வேறொரு வேலையும் உண்டு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற கவலையை அது பார்வையாளரிடமிருந்து எடுத்துவிட்டு, எப்படி நடக்கும், எந்த நொடியில் நடக்கும் என்ற ஆவலை அவரிடம் கொடுக்கிறது. இந்த இடமாற்றம் புரிந்துவிட்டால், ஒரே மாதிரியான ஆறு படங்களை ஒருவர் ஏன் ஆசையோடு பார்க்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

இன்று நாம் அறிந்த டெம்ப்ளேட்டின் தொடக்கம் 1978-இல் ஜான் கார்பெண்டர் இயக்கிய 'ஹாலோவீன்'. 3 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் பல கோடி டாலர் ஈட்டியது. முகமூடி அணிந்த ஒருவன், அமைதியான சிற்றூர், ஒவ்வொருவராகக் கொல்லப்படும் இளைஞர்கள், கடைசியில் எஞ்சி நின்று அவனை எதிர்கொள்ளும் ஒரு பெண் ஆகிய கூறுகள் அதில் தெளிவாக ஒன்றுசேர்ந்தன. அதன் வசூலைக் கண்ட இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம், தன் கையில் முழுமையான திரைக்கதை இல்லாத நிலையிலேயே, 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' என்ற தலைப்பை மட்டும் வைத்து 'வெரைட்டி' என்ற அமெரிக்கத் திரைத்துறை இதழில் விளம்பரம் கொடுத்தார். 1980-இல் வெளியான அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 5.5 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் அது ஈட்டியது சுமார் 4 கோடி டாலர். இந்தக் கணக்கைப் பார்த்த எந்தத் தயாரிப்பாளர் சும்மா இருப்பார்? ஓராண்டுக்குள் இரண்டாம் பாகம் வந்தது. 1989-க்குள் மொத்தம் எட்டுப் படங்கள் வந்துவிட்டன. பெரிய நட்சத்திரம் தேவையில்லை, காடும் ஏரியும் சில மரவீடுகளும் போதும், தலைப்பே விளம்பரமாகிவிடும் என்பதால் நட்டத்துக்கு அதிக இடமில்லை. இந்தப் படங்கள் வணிகக் கணக்கிலிருந்து பிறந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கணக்குப் போட்டுச் செய்ததில்கூட டெம்ப்ளேட் ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. ஹாக்கி முகமூடி அணிந்த ஜேசன்தான் இந்த வரிசையின் முகம் என்று உலகமே நினைக்கிறது. ஆனால் முதல் படத்தின் கொலையாளி ஜேசன் அல்லன், அவனுடைய தாய் பமீலா. இரண்டாம் பாகத்தில் ஜேசன் கொலையாளியாக வருகிறான்; அப்போது அவன் தலையில் இருப்பது ஒரு சாக்குத் துணி. 1982-இல் முப்பரிமாணத்தில் வந்த மூன்றாம் பாகத்தில்தான், நண்பர்களைப் பயமுறுத்தி விளையாடும் ஓர் இளைஞன் கொண்டுவந்த ஹாக்கி முகமூடி அவன் கைக்குப் போகிறது. பார்வையாளர் எதை ஏற்றுக்கொண்டாரோ அது தங்கியது, மற்றது உதிர்ந்தது. கிரிஸ்டல் லேக் என்ற ஏரிக்கரை முகாம், எச்சரிக்கையை மதிக்காத இளைஞர் கூட்டம், ஹாரி மான்ஃப்ரெடினியின் இசையில் கிசுகிசுப்பாக வரும் அந்தக் 'கி கி கி, மா மா மா' ஒலி, இறந்துவிட்டான் என்று நினைத்த பிறகு வரும் கடைசி அதிர்ச்சி என ஒவ்வொன்றும் பார்ப்பவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கட்டங்களாக மாறின.

டெம்ப்ளேட்டின் வேலையை இதைவிடச் சுத்தமாகக் காண விரும்புபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 'ஃபைனல் டெஸ்டினேஷன்' வரிசையைத்தான். ஜெஃப்ரி ரெட்டிக் என்ற எழுத்தாளர் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக யோசித்த கதைக்கரு, 2000-இல் ஜேம்ஸ் வாங் இயக்கத்தில் படமானது. அதன் பிறகு 2003, 2006, 2009, 2011, 2025 ஆகிய ஆண்டுகளில் அடுத்த பாகங்கள் வந்தன. இவற்றில் முகமூடிக்காரன் இல்லை, கத்தி இல்லை, பேயும் இல்லை. ஒரு பெரிய விபத்து நடக்கப்போவதை ஒருவர் முன்கூட்டியே காட்சியாகக் காண்கிறார். பதறிப்போய்ச் சிலரை அங்கிருந்து வெளியேற்றுகிறார். விபத்து உண்மையிலேயே நடக்கிறது. தப்பியவர்களை மரணம் பிறகு ஒவ்வொருவராகத் தேடி வருகிறது. முதல் பாகத்தில் 180 என்ற எண் கொண்ட விமானம், இரண்டாவதில் நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து உருண்டு விழும் மரக்கட்டைகள், மூன்றாவதில் ரோலர் கோஸ்டர், நான்காவதில் கார் பந்தயத் திடல், ஐந்தாவதில் தொங்கு பாலம், ஆறாவதில் உயரமான கோபுரத்தின் உச்சியிலுள்ள உணவகம். விபத்து மாறும், சட்டகம் மாறாது. இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள் இன்றுவரை மரக்கட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டத் தயங்குகிறார்கள் என்பது உலகம் முழுவதும் ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

இந்தச் சட்டகம் எப்படிப் பயத்தை உற்பத்தி செய்கிறது என்பதை ஐந்தாம் பாகத்திலுள்ள உடற்பயிற்சிக்கூடக் காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். கேண்டிஸ் என்ற பெண் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு வருகிறாள். பாலத்திலிருந்து தப்பியவர்களில் அவளும் ஒருத்தி என்பதால் அவள் இறப்பாள் என்பது நமக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது. மேலேயிருந்து ஒரு திருகாணி கழன்று, அவள் நடந்து பழகும் ஒடுங்கிய கட்டையின் மீது கூர்முனை மேலே பார்த்தபடி விழுகிறது. இன்னொரு பக்கம் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் தேங்குகிறது. அருகில் மின்கம்பியின் உறை கிழிந்து கிடக்கிறது. கேமரா இவற்றை நிதானமாக நமக்குக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவள் கட்டையின் மீது குதிக்கிறாள், திரும்புகிறாள், வெறுங்கால் ஒவ்வொரு முறையும் திருகாணிக்கு அருகில் வந்து மயிரிழையில் விலகுகிறது. நாம் உள்ளங்காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பயிற்சி முடிந்து, அவள் உயரக் கம்பிகளுக்குப் போய்விடுகிறாள். அதன் பிறகு வேறொரு பெண் அந்தத் திருகாணியை மிதிக்கிறாள்; அவள் விழும் வேகத்தில் கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி சிதறுகிறது; மின்விசிறி அதை வாரி எடுத்துக் கேண்டிஸின் முகத்தில் அடிக்கிறது; சுழன்றுகொண்டிருந்தவளின் பிடி தவறுகிறது.

இந்தக் காட்சியில் நடப்பது முழுக்க முழுக்கப் பார்வையாளருடன் நடக்கும் விளையாட்டு. டெம்ப்ளேட் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால், ஒரு பெண் பயிற்சி செய்கிறாள், நடுவில் ஏதேதோ பொருட்களைக் காட்டுகிறார்கள் என்று மட்டுமே நினைப்பார். திருகாணியைக் கண்டதும் வயிற்றைப் பிசைவது, இதற்கு முன் நான்கு பாகங்கள் பார்த்தவருக்குத்தான். இயக்குநர் ஸ்டீவன் குவேலும் அவரை நினைத்துத்தான் காட்சியை அமைத்திருக்கிறார்: திருகாணி, தண்ணீர், மின்கம்பி என்று மூன்று பொருட்களை வைத்து மூன்று ஊகங்களை நம் மனதில் விதைத்து, மூன்றையும் ஏமாற்றி, நான்காவது வழியில் முடிக்கிறார். சாவு உறுதி என்ற விதி மாறாமல் இருப்பதால்தான் வழியில் இத்தனை விளையாட்டுக் காட்ட முடிகிறது. இரண்டாம் பாகத்தில் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்த பழைய நூடுல்ஸை, தீயிலிருந்து தப்பி வெளியே ஓடிவரும் அதே இளைஞன் மிதித்து வழுக்கி விழுவதும், அவசர ஏணி அவன் முகத்துக்குச் சற்று மேலே வந்து ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு இறங்குவதும் இதே கைவேலைதான்.

முடிவு தெரிந்த கதையை ரசிப்பது நமக்குப் புதிதல்ல. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, துரியோதனன் படுகளத்தில் சாகப்போகிறான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஊரே விடிய விடியக் கண்விழித்துக் காத்திருக்கிறது. இந்த ஆண்டு துரியோதனன் வேடம் கட்டியவர் எப்படி ஆடுகிறார், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதே அங்கு ரசனைக்குரிய விஷயம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாகவே கதையை ரசித்ததாகத் தெரியவந்தது. சிறுகதைக்குக் கண்டது திரைப்படத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவு தெரிவதால் மட்டும் ரசனை அழிந்துவிடுவதில்லை என்ற அளவுக்காவது அது நமக்குத் துணை நிற்கிறது.

டெம்ப்ளேட்டின் மதிப்பு, அது உடைக்கப்பட்ட இடங்களில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. 'ஹாலோவீன்' வரிசையின் மூன்றாம் பாகத்தை, மைக்கேல் மையர்ஸ் என்ற முகமூடிக் கொலையாளி இல்லாமல், பொம்மை முகமூடி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சதியைப் பற்றிய முற்றிலும் வேறு கதையாக 1982-இல் எடுத்தார்கள். ஆண்டுதோறும் ஒரு புதிய கதை சொல்லலாம் என்பது தயாரிப்பாளர்களின் எண்ணம். தனிப் படமாகப் பார்த்தால் அது துணிச்சலான, சுவையான படம். காலப்போக்கில் அதற்கென்று ரசிகர்களும் உருவாகிவிட்டார்கள். ஆனால் வெளியானபோது பார்வையாளர்கள் ஏமாந்து கோபப்பட்டார்கள். 1988-இல் வந்த நான்காம் பாகத்தின் தலைப்பிலேயே மைக்கேல் மையர்ஸ் திரும்பி வருகிறான் என்று அறிவிக்க வேண்டிவந்தது. 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' வரிசையிலும் இதுவே நடந்தது. நான்காம் பாகத்தில் ஜேசனைக் கொன்று, அதற்கு 'இறுதி அத்தியாயம்' என்று பெயரும் வைத்த பிறகு, 1985-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஜேசனைப் போல முகமூடி போட்டுக்கொண்டு வேறொருவர் கொலை செய்திருந்தார். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆறாம் பாகத்தில் ஜேசனின் கல்லறையைத் தோண்டவைத்து, பிணத்தில் குத்தி நின்ற இரும்புக் கம்பியின் மீது மின்னலை இறக்கி, அவனை உயிரோடு எழுப்பிவிட்டார்கள். தர்க்கம் பார்த்தால் அபத்தம்தான். ஆனால் அந்த வரிசையின் சிறந்த படங்களில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். அதை இயக்கிய டாம் மெக்லாஃப்லின் டெம்ப்ளேட்டை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டு, பார்வையாளருக்கு அது தெரியும் என்பதையும் மறைக்காமல் படமெடுத்தார்.

தமிழில் இந்த வழக்கம் வேறொரு வடிவம் எடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-இல் வந்தது. அதன் வழியில் 'காஞ்சனா' படங்கள் 2011, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்தன. சுந்தர் சி-யின் 'அரண்மனை' 2014-இல் தொடங்கி 2024-க்குள் நான்கு பாகங்களைத் தொட்டுவிட்டது. அமெரிக்கப் படங்களில் கொலையாளி நிலையாக இருப்பான், சாகிறவர்கள் மாறுவார்கள். 'காஞ்சனா' வரிசையிலோ இருட்டைக் கண்டாலே நடுங்கும் நாயகனும், கோவை சரளாவின் அம்மாவும், வீட்டுக்குள் நடக்கும் கூத்தும் நிலையாக இருக்க, பேய் மட்டும் பாகத்துக்குப் பாகம் மாறுகிறது. முதல் பாதி முழுக்கப் பேயைக் கண்டு அலறும் நாம், இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக்கில் அந்தப் பேய்க்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பார்த்ததும் அதன் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். வில்லனை அது பழிவாங்கும்போது தியேட்டரில் விசில் பறக்கிறது. யார் அந்தப் பேய், அதற்கு என்ன நடந்தது என்ற ஒரு கட்டத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பினால் போதும். 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற திருநங்கை வேடம் அந்தக் கட்டத்தை எவ்வளவு அழுத்தமாக நிரப்ப முடியும் என்பதற்குச் சான்று. பின்னால் வந்த பாகங்களில் அதே அளவு அழுத்தம் இல்லை என்பதே என் மதிப்பீடு.

சரி, பயம் எப்படிச் சுகமாகிறது? ஆபத்து உண்மையில்லை என்று மனதுக்குத் தெரிந்திருக்கும்போது உடல் காட்டும் எதிர்ப்பையே மனிதர்கள் ரசிக்கிறார்கள் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின் விளக்கியிருக்கிறார். காரமான மிளகாய், ரோலர் கோஸ்டர், அழவைக்கும் கதை எல்லாவற்றையும் அவர் இந்த ஒரே வரிசையில் வைக்கிறார். தொடர் பாகங்களில் இந்தப் பாதுகாப்பு உணர்வு இன்னும் கூடுதல். எந்த அளவுக்குப் பயம் வரும், எப்போது விலகும், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருப்பதால், களைத்துப்போன ஒருநாளின் முடிவில்கூட அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. முற்றிலும் புதிதான ஒரு நல்ல திகில் படத்தை அந்த மனநிலையில் எல்லோராலும் பார்க்க முடியாது.

கூச்சம் தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. ஒரே கதையைத் திரும்பப் பார்ப்பதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் படங்கள் சிலவற்றைப் பற்றி உண்மையாகவே சங்கடப்பட வேண்டிய இடங்கள் உண்டு. கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் எண்பதுகளின் 'ஸ்லாஷர்' வகைப் படங்களில் பெண் உடலைக் காட்டிய அடுத்த காட்சியிலேயே அந்தப் பெண்ணைக் கொல்வது ஒரு வழக்கமாகவே இருந்தது. ஆசையை வெளிப்படுத்தியவள் சாவாள், அடக்கமானவள் பிழைப்பாள் என்ற நீதியும் அதனுள் ஒளிந்திருந்தது. பேராசிரியர் கேரல் குளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையில், கடைசிவரை எஞ்சும் பெண்ணை 'ஃபைனல் கேர்ள்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். கொலையாளியின் கண் வழியே படத்தைத் தொடங்கும் ஆண் பார்வையாளர்கள்கூட, படம் முடியும்போது அந்தப் பெண்ணின் பயத்தையும் துணிவையும் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கவனிப்பு. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. ரசிப்பவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு ரசிப்பதே நேர்மை என்று நினைக்கிறேன்.

ஒரே டெம்ப்ளேட்டில் வந்தவை எல்லாம் ஒரே தரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2009-இல் வந்த நான்காம் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' முப்பரிமாணத்தில் பொருட்களைப் பார்வையாளர் முகத்தில் வீசுவதிலேயே குறியாக இருந்ததால், ஊகத்தை விதைத்து ஏமாற்றும் பொறுமை அதில் காணாமல் போனது. சாவுகள் இருந்தன, காத்திருப்பு இல்லை. 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' எட்டாம் பாகம் ஜேசனை மன்ஹாட்டனுக்குக் கொண்டுவருவதாகத் தலைப்பில் வாக்குக் கொடுத்துவிட்டு, படத்தின் பெரும்பகுதியைக் கப்பலிலேயே ஓட்டியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் டெம்ப்ளேட் படத்தின் அடிப்படை நாணயம் என்பதால், ரசிகர்களுக்கு அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு பக்கம், நீண்ட வரிசைகளால் மட்டுமே தரக்கூடிய ஒரு நெருக்கமும் உண்டு. 'ஃபைனல் டெஸ்டினேஷன்' படங்களில் மரணத்தின் விதிகளை விளக்கும் பிளட்வொர்த் என்ற பாத்திரத்தில் டோனி டாட் முதல் பாகத்திலிருந்தே நடித்துவந்தார். 2024 நவம்பரில் அவர் காலமானார்; 2025-இல் வெளியான ஆறாம் பாகத்தில், உடல் மெலிந்த நிலையில் அவர் விடைபெறும் காட்சி இடம்பெற்றிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, வழக்கமான விதி விளக்கக் காட்சியாகத் தொடங்கிய அது கண்கலங்க வைத்துவிட்டது.

புதிதாகத் தொடங்க விரும்புபவர்கள் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' முதல் பாகத்தைப் பார்த்துச் சட்டகத்தைப் பழகிக்கொள்ளலாம். பிறகு இரண்டாவதையும், நேரமிருந்தால் மூன்றாவதையும் பார்த்துவிட்டு, நான்காவதைத் தாண்டி ஐந்தாவதற்குப் போகலாம். இவையெல்லாம் வயது வந்தவர்களுக்கான படங்கள், ரத்தம் தாராளமாகவே சிந்தும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. முடிவு தெரிவதால் பெரிய இழப்பில்லை என்று இவ்வளவு நேரம் வாதாடிய நான், ஐந்தாம் பாகத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி மட்டும் வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. அந்தத் திருப்பம், முதல் பாகத்தைப் பார்த்து அதன் டெம்ப்ளேட்டைக் கரைத்துக் குடித்தவர்களுக்கென்றே செய்யப்பட்டது. ஐந்தாம் பாகத்தை மட்டும் தனியாகப் பார்ப்பவருக்கு அங்கே என்ன நடந்தது என்பதே பிடிபடாது.